ஆறு மணி ஆமை

கமலாவின் கேட் பாஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம்தான் ஆயுள் என்று ஸ்டெல்லா மேடம் என் காதில் கத்தியபோது, மாதாப்பூர் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு தண்ணீர் லாரிக்கும் ஒரு கம்பெனி பஸ்ஸுக்கும் நடுவில் நானும் என் ஸ்கூட்டரும் அப்பளமாகிக்கொண்டிருந்தோம்.

"யாரு மேடம் கமலா? கைக்கு, எதுக்கு இந்த அவசரம்?"

"வண்டியை ஓட்டு நூரு. சொல்றேன்."

எங்கள் துப்பறியும் நிலையம் ஹப்சிகுடாவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருக்கிறது. மாப்பிள்ளை நிஜமாகவே அமெரிக்காவில் இருக்கிறானா, இல்லை இதே ஊர் அமீர்பேட்டை ஹாஸ்டலில் இருந்துகொண்டு அமெரிக்க நேரத்துக்குத் தூங்குகிறானா என்று விசாரித்துச் சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. மேடத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். நான் நூர் முகமது, பூர்வீகம் வாணியம்பாடி, பிறந்தது போலாரம். துப்பறிவது மேடத்தின் வேலை. வண்டி ஓட்டுவது, வாயடிப்பது, திட்டு வாங்குவது மூன்றும் என் இலாகா.

சிக்னல் விழுவதற்குள் மேடம் விஷயத்தைச் சொல்லி முடித்தார். சித்ரகூட் ஹைட்ஸ் அடுக்ககத்தில் 501-ஆம் வீட்டில் அஸ்வினி என்ற சாஃப்ட்வேர் பெண்ணும் அவள் அப்பா ரகுநாதனும் இருக்கிறார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டில் தரை பெருக்கும் ரோபோ காணாமல் போய்விட்டது. பழி, வீட்டு வேலை செய்யும் கமலா மேல். இன்று புதன்கிழமை. ஆறு மணிக்கு அசோசியேஷன் தலைவர் கமலாவின் கேட் பாஸைப் பிடுங்கப் போகிறார். பாஸ் போனால் 501 மட்டும் போகாது. அந்த அடுக்ககத்தில் அவள் வேலை பார்க்கும் ஐந்து வீடும் ஒரே நாளில் போய்விடும்.

"நம்மைக் கூப்பிட்டது கமலாவா?"

"இல்லை. ரகுநாதன். கமலா எடுக்கலைன்னு மூணு தடவை சொன்னார். உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். போனை வெச்சுட்டார்."

"சார்ஜ் தீர்ந்திருக்கும் மேடம்."

"இருக்கலாம். யாருக்குத் தீர்ந்துதுன்னுதான் பார்க்கணும்" என்றார் மேடம்.

கமலா கேட்டுக்குப் பக்கத்தில், செக்யூரிட்டி கூண்டு நிழலில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தருமபுரிப் பக்கம். இதே அடுக்ககம் கட்டுகிறபோது புருஷனோடு செங்கல் சுமக்க வந்தவள், கட்டி முடித்ததும் உள்ளே பாத்திரம் கழுவப் போனாள். கழுத்தில் நீலக் கயிறு, அதில் அந்தப் பாஸ். அதை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆமையை நான் எதுக்கும்மா எடுக்கப் போறேன்? அது வந்தா என் சோத்துல மண்ணு விழும்னு ஒரு நாளு வாய்தவறிச் சொன்னேன். அதைப் புடிச்சிக்கிட்டாங்க."

"அன்னிக்கு உன் பையில ஏதோ ரவுண்டா இருந்துச்சாமே? கேட் கேமராவில பதிவாகியிருக்காம்."

"பரங்கிக்காய்ம்மா."

"அது எங்கே இப்போ?"

"சாம்பார்ல."

"மேடம், முக்கியமான சாட்சி பருப்போடு கரைந்துவிட்டது" என்றேன் நான்.

கமலா சிரிக்கவில்லை. "நேத்து காலையில இந்தக் கேட்டுல, அத்தனை பேரும் ஆபீஸ் போற நேரத்துல, என் பையை உதறச் சொன்னாங்கம்மா. ஒரு சீப்பும் மாத்திரை அட்டையும் விழுந்துச்சு. அஞ்சு வருஷமா இந்த வீடுங்க சாவி எங்கிட்டதான் இருக்கு" என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. அது அபூர்வம்.

ஐந்தாவது மாடி. 501-இன் வாசலில் ஒரு அரிசிமாவுக் கோலம், இரண்டு நாள் பழசு. கமலாவை நேற்றிலிருந்து மேலே விடாததால் யாரும் கழுவவில்லை, புதிதாகப் போடவும் இல்லை. அழகான கோலம்தான், ஆனால் நட்டநடுவில் ஒரு பட்டை மட்டும் சுத்தமாகக் காணோம். மேடம் அதை மிதிக்காமல் தாண்டிப் போய் அழைப்பு மணியை அழுத்தினார். மணியின் ஓரத்தில் வெள்ளைப் பெயிண்டில், கடுகு மாதிரி எழுத்தில், '2-5 ர' என்று எழுதியிருந்தது.

அஸ்வினி கதவைத் திறந்தாள். கழுத்தில் ஹெட்போன், கையில் போன், முகத்தில் மீட்டிங். அவளுக்குப் பின்னால் ரகுநாதன். எழுபத்துமூன்று வயது, வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் பேனா. தான்தான் எங்களைக் கூப்பிட்டதை மகளிடம் சொல்லியிருந்தார் போலிருக்கிறது, அந்தத் திட்டு முகத்தில் இன்னும் காயாமல் இருந்தது.

"சிம்பிள் மேடம். அந்த ரோபோ எட்டு நிமிஷத்துக்கு மேல ஓடாது. பேட்டரி போய் ஒரு வருஷமாச்சு. தினமும் ஆறு மணிக்கு டைமர்ல எழுந்திருக்கும், சோபா வரைக்கும் வரும், படுத்துடும். நான் வந்து தூக்கிட்டுப் போய் சார்ஜர்ல வைப்பேன். தானா வாசல் வரைக்கும்கூடப் போக முடியாது. யாராவது தூக்கினாத்தான் போகும். அப்போ வீட்டில இருந்தது அப்பாவும் கமலாவும். அப்பா தூக்கலை."

"பேட்டரியை மாத்தியிருக்கலாமே?"

"நேரமே இல்லை மேடம். ஆறு மாசமா அதுக்கு வைஃபைகூடப் புதுசா போட்டுக் கொடுக்கலை. அதான் போன்ல தேடவும் முடியலை."

"அப்பா மாத்தலாமே?"

"அய்யோ, அப்பாவா!" அஸ்வினி பதறினாள். "போன வருஷம் மிக்ஸியை ரிப்பேர் பண்றேன்னு உக்காந்தார். என் மேனேஜர் மீட்டிங்ல இருக்கும்போது இந்த மாடி மொத்தத்துக்கும் கரண்ட் போச்சு. இனிமே ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டா பெங்களூர்ல அக்கா வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு சொல்லியிருக்கேன். டூல் பாக்ஸ் பரண்ல இருக்கு."

"நான் எதையும் தொடலைம்மா" என்றார் ரகுநாதன். யாரும் அவரைக் கேட்கவில்லை.

நான் சோபாவில் உட்கார்ந்தேன். அடியில் ஏதோ குத்தியது. டி.வி. ரிமோட். அதன் முதுகில் வெள்ளைப் பெயிண்டில் '11-6 ர'. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தின் ஓரத்தில் '3-1 ர'. அலமாரியில் இருந்த டார்ச்சிலும் அதே மாதிரி ஒன்று. நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் எனக்கு முன்பே எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தார்.

"சார், லாலாகுடா வொர்க்ஷாப்பா நீங்க?"

பெரியவர் முகம் மலர்ந்தது. "ஹவ், ஆமாம்! ட்ரெயின் லைட்டிங் செக்‌ஷன். முப்பத்தாறு வருஷம். பெட்டிக்கு அடியில பேட்டரி இருக்கும் பாருங்க, லைட்டுக்கும் ஃபேனுக்கும், அதை மாத்தறதுதான் வேலை. மாத்தினா தேதி போட்டு, கீழே கையெழுத்தும் போடணும். போடலேன்னா அந்தப் பெட்டி ஷெட்டை விட்டு நகராது."

"எங்கப்பாவும் அங்கேதான். ரிட்டயர் ஆன பிறகு எங்க வீட்டு ஊறுகாய் ஜாடியில எல்லாம் தேதி போட்டார். அது இருக்கட்டும். திங்கட்கிழமை ஆறு மணிக்கு நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"விளக்கு ஏத்தினேன். இவ அம்மா போனதுலேருந்து நான்தான் ஏத்தறேன். கண்ணை மூடிக்கிட்டு அரை மணி சுலோகம் சொல்வேன். கண்ணைத் திறந்தா அதைக் காணோம்."

"வாசக்கதவு?"

"திறந்துதான் இருந்துது. விளக்கு வெச்சா கதவைத் திறந்து வைக்கணுமேம்மா. லட்சுமி வர்ற நேரமாச்சே."

"லட்சுமி உள்ளே வர்றதுக்குத் திறந்த கதவு வழியா வெளியே போனது யாருன்னுதான் கேள்வி" என்றேன். மேடம் என் காலை மிதித்தார். சரியான இடத்தைத் தொட்டுவிட்டேன் என்று அர்த்தம்.

அதற்குள் அஸ்வினியின் போன் டிங் டிங் டிங் என்று விடாமல் அடித்தது.

"ஆபீஸா?"

"அபார்ட்மென்ட் குரூப் மேடம். கோலச் சண்டை. ரெண்டு நாளா ஓடுது. 502-ல கோலத்தைக் கலைச்சுட்டாங்களாம், 503 வீட்டுப் பையன் சைக்கிள்தான் காரணமாம். 503 சொல்றாங்க, எங்க கோலமும்தான் கலைஞ்சிருக்குன்னு. கீழே 303-ல இருக்கறவங்க, 302 வீட்டு நாய்தான்னு சொல்றாங்க. 302-ல நாய்க்கு ஜாமீன் கேட்கறாங்க. இருநூத்துப் பதினாலு மெசேஜ்."

"எப்போ கலைஞ்சுதாம்?"

"திங்கட்கிழமை சாயங்காலம்."

மேடம் கையை நீட்டினார். ஆத்திரத்தில் எல்லோரும் போட்டோ எடுத்துப் போட்டிருந்தார்கள். நாலு கோலம், நாலிலும் நடுவில் ஒரு பட்டை நேர்கோடாகக் காணோம். மேடம் வாசலுக்குப் போய்க் குனிந்து, 501-இன் கோலத்தில் கையை விரித்து அளந்தார்.

"ஒரு ஜாண்கூட இல்லை. நூரு, சைக்கிள் சக்கரம் இவ்வளவு அகலமா இருக்குமா?"

"லாரிக்குத்தான் இருக்கும்."

"நாய்?"

"கலைக்கும் மேடம். ஆனா இவ்வளவு சுத்தமா பெருக்காது. பெருக்கற நாய் கிடைச்சா நானே ஒண்ணு வளர்ப்பேன்." சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. "யா அல்லா! மேடம், அது நடந்தே போயிருக்கு!"

தரையில் மாவு கொட்டியிருந்தால் அந்த ஜாதி ரோபோவுக்கு விருந்து. முதல் விருந்தைத் தன் வீட்டு வாசலிலேயே முடித்துவிட்டு, 502, 503 என்று பந்திக்குப் பந்தி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே போயிருக்கிறது.

"சான்ஸே இல்லை" என்றாள் அஸ்வினி. "எட்டு நிமிஷம். சோபா. அவ்வளவுதான் அதோட உலகம்."

மேடம் ரகுநாதனைப் பார்த்தார். ரகுநாதன் சுற்றாத மின்விசிறியை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அஸ்வினிக்கு மீட்டிங் வந்தது, அவள் உள்ளே போனாள். நாங்கள் வெளியே வந்தோம்.

"மேடம், பெரியவர்தான்! பேட்டரியை அவர்தான் மாத்தியிருக்கார். வாங்க, போய்ச் சொல்லிடுவோம்."

"நக்கோ நூரு, வேண்டாம். கையில ரோபோ இல்லை, பேட்டரியும் இல்லை. 'நான் மாத்தலை'ன்னு ஒரு வார்த்தை சொன்னா நாம ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போகணும். பெங்களூர்னு சொன்னப்போ அவர் முகத்தைப் பார்த்தியா? மனுஷன் நடுங்கறார். முதல்ல பொருளைக் கண்டுபிடி. மணி என்ன?"

"அஞ்சே கால்."

503-க்கு எதிரே லிஃப்ட். படிக்கட்டைக் கண்டால் அந்த மாதிரி ரோபோ விழாமல் திரும்பிவிடும். ஆகவே கீழே போனது லிஃப்ட்டில்தான். மூன்றாவது மாடிக் கோலங்கள் கலைந்திருப்பதால் இறங்கியது அங்கேதான்.

"லிஃப்ட்ல ஆள் இருந்திருப்பாங்களே மேடம், பார்க்க மாட்டாங்களா?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே மூன்று பேர். மூன்று பேரும் போனில். நாங்கள் ஏறினோம், மூன்றாவது மாடியில் இறங்கினோம். ஒரு தலைகூட நிமிரவில்லை.

"வாபஸ் வாங்கிக்கறேன். எருமை மாடு ஏறியிருந்தாலும் நகர்ந்து இடம்தான் விட்டிருப்பாங்க."

மூன்றாவது மாடியில் 302, 303. வாசலில் புதுக் கோலங்கள், 303-இல் கோலத்தைச் சுற்றிப் பாதுகாப்பாக நாலு பூந்தொட்டி. அடுத்தது 304, அதோடு மாடி முடிந்தது. 304-இன் வாசலில் ஸ்டிக்கர் கோலம். ஸ்டிக்கர் கலையாது, ஆகவே சாட்சியும் சொல்லாது. ஆனால் அதைத் தாண்டிப் போக வழியில்லை. கதவில் பித்தளைப் பலகை: 'சீனிவாசன், தலைவர், சித்ரகூட் ஹைட்ஸ் குடியிருப்போர் சங்கம்'.

"மேடம்" என்றேன் மெதுவாக. "கமலா பாஸைப் பிடுங்கப் போறவர்."

"மணியை அடி."

திறந்தது அவர் மனைவி வசந்தி. துப்பறிபவர்கள் என்று சொன்னதும் கும்பகோணம் டிகிரி காபியே வந்துவிட்டது. ஆறு மணி விசாரணை இங்கேதான் நடக்குமாம், தலைவர் குளித்துக்கொண்டிருக்கிறாராம். மேடம் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். டி.வி. மேஜைக்குக் கீழே, சார்ஜரில், பச்சை விளக்கோடு, வட்டமாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

"உங்ககிட்டயும் இருக்கா இது?"

"எல்லார்கிட்டயும் இருக்கே! போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு இவர்தான் குரூப்ல பேர் சேர்த்து மொத்தமா நாப்பது வாங்கிக் கொடுத்தார். எங்களுது ஒரு வருஷமா செத்துக் கிடந்தது. பேட்டரி மாத்துங்கோ, மாத்துங்கோன்னு நானும் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். சனிக்கிழமைதான் மாத்திண்டு வரேன்னு கார் டிக்கியில தூக்கிப் போட்டுண்டு போனார். திங்கட்கிழமை விளக்கேத்தி, கதவைத் திறந்து வெச்சுட்டு, அடுப்பை அணைச்சுட்டு வந்து பாக்கறேன், ஜம்முனு தன் இடத்துல உக்காந்திருக்கு! சொல்லாம கொள்ளாம மத்தியானமே கொண்டுவந்து வெச்சிருக்கார் போலிருக்கு. அவர் கையாலேயே மாத்தினாராம். எனக்குக் கண்ணுல ஜலமே வந்துடுத்து. அன்னிக்குப் பாயசம் வெச்சேன்."

எனக்குக் காபி புரையேறியது. மேடம் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"இப்போ நல்லா ஓடுதா?"

"பிரமாதமா! நான் தொடவே வேண்டாம். நேத்து டாண்ணு ஆறு மணிக்குத் தானா எழுந்துடுத்து."

அப்போது சீனிவாசன் திருநீறு மணக்க வெளியே வந்தார். அறுபது வயது, சங்கத் தலைவர்களுக்கே உரிய செருமல்.

"பேட்டரி மாத்தினீங்களாமே சார், கை வேலையெல்லாம் பிரமாதம்" என்றார் மேடம். "எங்க ஆபீஸ்லயும் ஒண்ணு இருக்கு. எத்தனை ஸ்க்ரூ கழட்டணும்?"

"அது... நெறைய."

"அடியிலயா, மேலயா?"

"பக்கவாட்டுல" என்றார் தலைவர். எங்கள் ஆபீஸில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. இருப்பது ஒரு விளக்குமாறு, அதை இயக்குவது நான்.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அஸ்வினியும் ரகுநாதனும் வந்தார்கள். செக்யூரிட்டி கமலாவை அழைத்து வந்து வாசற்படியில் நிறுத்திவிட்டுப் போனான். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. வசந்தி விளக்கேற்றி வாசற்கதவைத் திறந்து வைத்தார்.

சீனிவாசன் செருமினார். "இது யாருக்கும் சந்தோஷமான விஷயம் இல்லை. ஆனா ரூல் ரூல்தான். கமலா, பாஸைக் கழட்டி மேஜை மேல வை."

"சார், ஒரு நிமிஷம்" என்றார் மேடம், கடிகாரத்தைப் பார்த்தபடி.

டிங். டி.வி. மேஜைக்குக் கீழே ஒரு வெள்ளைக்காரிக் குரல், சுத்தம் செய்யத் தொடங்குவதாக இங்கிலீஷில் அறிவித்தது. ரோபோ சார்ஜரை விட்டு இறங்கி, ஒரு சுற்று சுற்றி, கூட்டத்தைப் பற்றிக் கவலையே படாமல் பெருக்க ஆரம்பித்தது.

"ஆமை!" என்று கத்தினாள் கமலா. "எங்க வீட்டு ஆமை!"

"என்ன உளர்றே? இது எங்களுது" என்றார் சீனிவாசன்.

"ஆறு மணிக்கு டைமர் யார் சார் வெச்சது?" என்று கேட்டார் மேடம். "501-ல ஆறு மணி. கூடவே ஒரு விஷயம். அஞ்சாவது மாடியிலிருந்து உங்க வாசல் வரைக்கும் கோலம் கோலமா அது நடந்து வந்த தடம் குரூப்ல போட்டோவா இருக்கு. திங்கட்கிழமை சாயங்காலம் உங்க கதவு திறந்திருந்தது. அதுக்குக் களைச்சுப் போச்சு, எதிர்ல அதே மாதிரி சார்ஜர் தெரிஞ்சது, ஏறி உக்காந்துடுச்சு."

தலைவருக்கு வேர்த்தது. ஆனால் சங்க அரசியலில் பழுத்தவர், சமாளித்தார். "நாப்பது வீட்டிலயும் ஒரே மாடல், ஒரே கலர். ஆறு மணி யார் வேணா வைக்கலாம். அஸ்வினியே சொல்லட்டுமே, அவங்களுது எட்டு நிமிஷம்தான் ஓடும். எட்டு நிமிஷம் ஓடறது ரெண்டு மாடி இறங்கி வருமா? இது அவங்களுதுன்னு எங்கேயாவது எழுதி வெச்சிருக்கா?"

அஸ்வினி உதட்டைக் கடித்தாள். "அது உண்மைதான் மேடம். என்னோடது இவ்வளவு தூரம் வராது."

மேடம் ரகுநாதன் பக்கம் திரும்பக்கூட இல்லை. எனக்கோ நாக்கு அரித்தது. பெரியவர் சட்டைப் பைப் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒரு வார்த்தை சொன்னால் டூல் பாக்ஸ் போய்விடும், மகளிடம் கொடுத்த வாக்கும் போய்விடும், பெங்களூர் டிக்கெட் வந்தாலும் வரும். சொல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை.

ரோபோ அவர் காலில் வந்து முட்டியது. திரும்பிப் போய் மறுபடியும் முட்டியது.

கமலா கழுத்திலிருந்த நீலக் கயிற்றைத் தலைவழியாகக் கழற்ற ஆரம்பித்தாள். அது கொண்டையில் சிக்கிக்கொண்டது.

"கழட்டாதேம்மா" என்றார் ரகுநாதன். "எழுதி வெச்சிருக்கு சார். நான்தான் எழுதினேன்."

சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்தார். பேனா இல்லை அது, பேனா மாதிரி ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர். அஸ்வினி கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றினாள்.

பெரியவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தி மல்லாக்கப் போட்டார். ஓரத்து பிரஷ்ஷைக் கழற்றினார். அடி மூடியின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் உள்ளங்கையில் அடுக்கினார். மொத்தம் நாலு. முப்பத்தாறு வருஷப் பழக்கம், ஒரு ஸ்க்ரூகூட உருளவில்லை.

மூடியைத் தூக்கினார். உள்ளே செங்கல் துண்டு மாதிரி பேட்டரி. அதன் மேல் பளிச்சென்று வெள்ளைப் பெயிண்டில்: '14-7 ர'.

"திங்கட்கிழமை தேதி" என்றார் மேடம்.

"பழசு என் டிரங்குப் பெட்டியில இருக்கு. தேதி எழுதின சீட்டைக் கட்டி வெச்சிருக்கேன்" என்றார் ரகுநாதன். "பழசைக் காட்டாம ரயில்வே ஸ்டோர்ல புதுசு தர மாட்டான், அந்தப் பழக்கம். மெட்ரோ புடிச்சுக் கோட்டி பஜாருக்குப் போய், பழசைக் காட்டித்தான் இதை வாங்கினேன். மத்தியானம் மாட்டினேன். நீ வந்ததும் அது வீடு பூராப் பெருக்கறதைப் பார்த்து அசந்து போகணும்னு நெனச்சேன் அஸ்வினி. தினமும் ராத்திரி வந்து அதைக் குனிஞ்சு தூக்கறே, பார்க்கப் பொறுக்கலை. அதுக்குள்ள அது கிளம்பிப் போயிடுச்சு."

"அப்பா... அப்போ கமலா மேல எல்லாரும் பழி போட்டப்போ ஏன்ப்பா சொல்லலை?"

"பயம்மா. அனுப்பிடுவேன்னியே. வாயே வரலை. அதான் இவங்களைக் கூப்பிட்டேன். நான் சொல்லாமலேயே இவங்க கண்டுபிடிச்சுட்டாத் தேவலைன்னு."

கமலா அவரைப் பார்த்தாள். "ரெண்டு நாளா உங்களுக்குத் தெரியுமா அய்யா?"

"தெரியும்மா."

"கேட்டுல என் பையை உதறச் சொன்னப்ப?"

"அப்பவும் தெரியும். பால்கனியில நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். வெக்கமா இருக்கும்மா எனக்கு." தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"நல்லது" என்றார் மேடம். "இது 501-இன் ரோபோ. அப்போ 304-இன் ரோபோ எங்கே? சீனிவாசன் சார், கார் சாவியைக் கொஞ்சம் கொடுங்க."

வசந்தியின் தலை மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பியது. தலைவர் செருமினார். செருமல் பாதியில் நின்றுவிட்டது.

நான் கீழே போய் டிக்கியைத் திறந்தேன். சனிக்கிழமை எப்படிப் போட்டாரோ அப்படியே கிடந்தது, மேலே ஒரு குடை. மேலே கொண்டுவந்து மேஜை மேல் வைத்தேன். பட்டனை அழுத்தினேன். டொக் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் செத்தது.

"ஏன்னா, நீங்க மாத்தவே இல்லையா?" என்றார் வசந்தி.

"வசந்தி, நான் சொல்லலாம்னுதான் இருந்தேன். ஆபீஸ்லேருந்து வந்து நுழையறேன், நீ கண்ணுல ஜலத்தோட நிக்கறே. மாத்திட்டேளான்னு கேட்டே. ஆமாம்னு சொல்லிட்டேன். அப்புறம் நீ பாயசம் வெச்சுட்டே. பாயசத்துக்கு அப்புறம் எப்படிச் சொல்றது?"

"மறுநாள் திருட்டுப் புகார் வந்தப்போ?" என்று கேட்டார் மேடம்.

"ராத்திரி யாரும் பார்க்காம 501 வாசல்ல வெச்சுடலாம்னு..."

மேடம் எழுந்தார். "இந்தக் கேஸ்ல திருடனே கிடையாது. ஒருத்தர் பேட்டரியை மாத்திட்டு மாத்தலைன்னார். இன்னொருத்தர் மாத்தாமலேயே மாத்தினேன்னார். நடுவுல பையை உதறினது கமலா."

அஸ்வினிதான் முதலில் எழுந்து வாசலுக்குப் போனாள். அவள் கண் சிவந்திருந்தது. "சாரி கமலா. ரொம்பத் தப்புப் பண்ணிட்டேன்."

கமலா சிக்கிய கயிற்றைக் கொண்டையிலிருந்து எடுத்து, மறுபடியும் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "இங்க வேணாம்மா. இங்க ஏழு பேருதான் இருக்கோம். நேத்து என்னைக் கேட்டுல வெச்சு உதறச் சொன்னீங்க. மன்னிப்பையும் அங்கயே வந்து சொல்லுங்க. இப்பதான் ஆபீஸ் விட்டு எல்லாரும் வர்ற நேரம்."

சொல்லிவிட்டுக் குனிந்து, மூடி போட்ட ஆமையைத் தானே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நாங்கள் பின்னால் போனோம். லிஃப்ட்டில் ஒரு பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. கேட்டில் பரங்கிக்காயைச் சந்தேகப்பட்ட செக்யூரிட்டி, இடுப்பில் நிஜ ரோபோவோடு வந்தவளைப் பார்த்து எழுந்து நின்றான். அத்தனை கார்களும் பைக்குகளும் நுழைகிற நேரத்தில் அஸ்வினி சொன்னாள், சீனிவாசன் செருமாமல் சொன்னார், கடைசியில் ரகுநாதன் கை கூப்பிச் சொன்னார். முதல் இரண்டு பேருக்கும் கமலா தலையை மட்டும் ஆட்டினாள். மூன்றாவதுக்கு அதையும் செய்யவில்லை.

"நாளைக்கு வர்றேன் அய்யா" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "பெருக்குறேன், துடைக்கிறேன், பாத்திரம் கழுவுறேன். கோலம் மட்டும் போட மாட்டேன். அதை நீங்க போடுங்க."

"எனக்குக் கோலம் போடத் தெரியாதேம்மா!"

"எழுதத் தெரியுதுல்ல?" என்றாள் கமலா. ரோபோவை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்குப் போனாள்.

மறுநாள் காலை ஹப்சிகுடா ஆபீஸில் நான் எங்கள் ரோபோவை, அதாவது விளக்குமாற்றை, இயக்கிக்கொண்டிருந்தபோது மேடம் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அஸ்வினி ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். 501-இன் வாசலில் பன்னிரண்டு புள்ளிக் கோலம். கோடுகள் நாலு இடத்தில் முட்டி மோதிக்கொண்டிருந்தன. மாவு இல்லை, வெள்ளைப் பெயிண்ட். எந்த ஆமை வந்தாலும் இனிமேல் அதைத் தின்ன முடியாது. வாசற்படியில் ரகுநாதனின் பழைய டூல் பாக்ஸ் திறந்திருந்தது. பரணிலிருந்து யார் இறக்கிக் கொடுத்தது என்று யாரும் சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில் கமலா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோலத்தின் வலது ஓரத்தில், கடுகு மாதிரி எழுத்தில்: '17-7 ர'.